குண்டு ஒட்டாத விமானம்

குண்டுகளை ஒட்டாமல் விட்டுவிட்டால் ஒரு போர் விமானம் என்னவாகிறது?

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. பல நாள் யோசித்து, நியாயமானதுதான் என்று எனக்கு நானே ஒப்புதல் கொடுத்துக்கொண்ட பதில். கடந்த மழைக்காலத்தில் ஒரு காலை, சாந்தோமில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அது தவறான பதில் என்று தெரிந்தது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் உரத்த குரலில் பாடம் நடத்தியவரிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது: ‘போதும்’. தண்ணீர் வேண்டுமென்றாலும் போதும், மின்விசிறியை நிறுத்தச் சொன்னாலும் போதும். வலக்கை மடியிலேயே கிடந்தது. எல்லாவற்றையும்விட அச்சம் தந்தது விழுங்குதல். கஞ்சியைச் சற்று வேகமாகக் கொடுத்தால் புரையேறி முகம் நீலம் பாரித்துவிடும். நுரையீரலுக்குள் போனால் ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். நான் ஊட்டினால் நான்காவது கரண்டியில் ‘போதும்’ என்று வாயை மூடிக்கொள்வார்.

அந்த நிலையில், முதல் மாதத்திலிருந்தே, அக்கா எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியிருந்தார். அக்கா என்றால் உறவில்லை. எங்கள் தெருவின் பத்துப் பன்னிரண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் அறிமுகமானவர். இலங்கையின் வன்னியிலிருந்து இந்த ஊருக்கு வந்து பல வருடங்களாகிவிட்டன. மயிலாப்பூரில் ஒரு தையல் கடையில் வேலை. பத்து மணிக்குக் கடை திறக்கும்முன் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போவார்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. தாழ்வான முக்காலியில் அம்மாவின் எதிரே உட்கார்ந்து, இடக்கையில் செபமாலையைச் சுற்றிக்கொண்டு, ஒரு கரண்டி கஞ்சி கொடுத்ததும் ஒரு ‘மரியே வாழ்க’ சொல்வார். அவர் ஊர்ச் செபத்தில் இழுவை அதிகம். அந்த இழுவை முடிவதற்கும் அம்மா விழுங்கி முடிப்பதற்கும் சரியாக இருக்கும். அடுத்த மணி, அடுத்த கரண்டி. ஐம்பத்து மூன்று மணி உருண்டு முடியும்போது கிண்ணம் காலியாகியிருக்கும். அந்த ஏழு மாதத்தில் அம்மாவின் எடை குறையாமல் இருந்ததற்கு வேறு காரணம் எதையும் நான் அறியேன்.

விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரி நாள்களிலிருந்தே பிளாஸ்டிக் மாதிரி விமானங்களை ஒட்டிக் கட்டுவது எனக்குப் பழக்கம். சமூகப் பணியில் பட்டம் பெற்று, அடையாறில் ஒரு தொண்டு நிறுவனத்தில் குடிபெயர்க்கப்பட்ட மக்களுக்காக மனு எழுதுகிறவன் போர் விமானம் கட்டலாமா என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அதனால் சில விதிகளை வகுத்திருந்தேன். அவற்றில் முதலாவது, குண்டுகளை ஒட்டுவதில்லை. பெட்டியில் வரும் குண்டுகளும் ஏவுகணைகளும் அவை வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டப்படாமலேயே ஒரு டப்பாவில் கிடந்தன.

தியாகராய நகரில் ஒரு கடையில் வெகுமுன்பே வாங்கி, பரணில் போட்டிருந்த பெட்டி ஒன்று இருந்தது. முக்கோண இறக்கை கொண்ட ஜெட். நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஒரு சாண் நீளம். அம்மாவின் உடலில் எதுவும் நான் விரும்பியபடி நகராத நாள்களில் அதை எடுத்துப் பிரித்தேன். அதிலாவது பதினேழாம் பாகத்துக்குப் பிறகு பதினெட்டாம் பாகம் வந்தது.

செய்முறைத் தாளில் அந்த ரகத்தை எந்தெந்த நாடுகள் வாங்கின என்ற பட்டியல் இருந்தது. அதில் இலங்கையும் இருந்தது. அக்கா வந்துபோகும் வீடு இது என்பதை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது, மறக்கவில்லை. எடை போட்டேன். தென்னமெரிக்க நாடு ஒன்றின் அடையாளங்களைத் தேர்ந்தெடுத்தேன். மஞ்சள், நீலம், சிவப்பு வட்டங்கள். குண்டும் கிடையாது. தவிர, நிஜ விமானங்கள் கடலுக்கு மேல் திரும்பும்போது அக்கா ஒருமுறைகூடத் தலைநிமிர்ந்து பார்த்ததில்லை. அதையும் ஓர் ஆதாரமாக எடுத்துக்கொண்டேன்.

அடையாறில் இருக்கும் நண்பனிடம், அவனும் மாதிரிகள் கட்டுகிறவன், தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன்.

“இன்னா மச்சி, பிளாஸ்டிக்குக்குக் கூட பாவ மன்னிப்பு வாங்கிக்கினு கீறியா?” என்று சிரித்தான். “கட்டுடா சும்மா. அது பறந்து போயி யாரையும் ஒண்ணும் பண்ணாது.”

வேலை பாதியில் இருந்தபோது மூக்குக்குள் கனம் வைக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் சக்கரத்தில் நிறுத்தும்போது விமானம் வால்பக்கம் சாய்ந்துவிடும். மீன்வலையில் கோக்கும் ஈயம் இதற்கு நன்றாக உதவும். அக்கா குடியிருந்தது கடற்கரைக் குப்பத்தை ஒட்டிய சந்தில். கேட்டதும் மறுநாளே பக்கத்து வீட்டு மீனவரிடமிருந்து நாலைந்து துண்டு வாங்கி, துணியில் முடிந்து கொண்டுவந்தார்.

“இவ்வளவு படிச்சுப்போட்டு பொம்மைக்கு மூக்குத்தி போடுறீங்களே தம்பி,” என்றார். அம்மாவின் இடப்பக்க உதடு மட்டும் சிரித்தது. அன்று என் மேசையில் கிடந்தது இறக்கையில்லாத ஒரு குழாய். அது இன்னதென்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லவுமில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. கடற்காற்றின் ஈரத்தில் வண்ணம் காய மறுத்தது. விமானத்தின் அடிவயிற்றுக்கு வெளிர் சாம்பல் பூசிய இரவு, அதை எதன் மேலும் வைக்க முடியாமல், கூடத்தில் துணி உலர்த்தக் கட்டியிருந்த கொடியில் இரண்டு நூல் கண்ணிகளில் தொங்கவிட்டேன். சக்கரங்களைக் கடைசியில் ஒட்டுவதே வழக்கம். எனவே சக்கரங்கள் இல்லை. இறக்கையின் வட்டங்களும் மேல்பக்கத்தில்தான் இருந்தன. மூக்கில் ஈயம் இருந்ததால் அது முன்பக்கம் தாழ்ந்து நின்றது. அதைக் கவனித்தேன். காய்ந்ததும் எடுத்துவிடலாம் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் செபம் கேட்டுக்கொண்டிருந்தது. மாலையின் மூன்றாம் பத்து மணிகளுக்கு நடுவில் அது நின்றது. புரையேறிவிட்டதோ என்று ஓடிவந்தேன். அம்மா நலமாகத்தான் இருந்தார். அடுத்த கரண்டிக்காக வாயைத் திறந்து வைத்திருந்தார். கரண்டி அந்தரத்தில் நின்றது. முக்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறிக் காற்றில் விமானம் மெல்லத் திரும்பி அவர் பக்கம் மூக்கைக் காட்டியது.

நான்கு மாதமாக அந்த மாதிரியை மேசையில் வைத்து மேலிருந்தே பார்த்து வந்தவன் நான். அந்த ரகத்தை அவர் கீழிருந்து மட்டுமே பார்த்தவர் என்பது அந்தக் கணம்வரை எனக்குத் தோன்றவில்லை.

“தம்பி, இது கிபிர் எல்லோ?” என்றார். பெட்டியில் அச்சிட்டிருந்த பெயர்தான் அது.

நான் பேசிக்கொண்டே போனேன். எவ்வளவு பேசினேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. “அக்கா, இது அந்த நாட்டோடது இல்ல. வேற நாடு, தென்னமெரிக்கா. மேல வட்டம் பாருங்க, வேற கலர். குண்டுகூட நான் ஒட்டலக்கா. எதுலயும் ஒட்டமாட்டேன்.”

அவர் மேலே பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“குண்டு இல்லாட்டி, போட்டு முடிச்சிட்டுப் போகுதெண்டு அர்த்தம் தம்பி,” என்றார். குரலில் சினம் இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியப்படுத்தும் குரல். “போட்டிட்டுப் போகேக்கதான் நாங்கள் பங்கருக்குள்ள இருந்து வெளிய வருவம். ஆர் இருக்கினம், ஆர் இல்லையெண்டு பாக்க.”

அம்மா ‘போதும்’ என்றார். எதைச் சொன்னார் என்று தெரியவில்லை.

அக்கா கரண்டியைக் கொடுத்தார். செபத்தை எங்கே விட்டோம் என்று விரலால் தேடி, தவறான மணியிலிருந்து தொடங்கினார். நான் நாற்காலி மேல் ஏறி நூலை அறுத்தேன். ஈரம் காயாத வண்ணம் உள்ளங்கையில் ஒட்டியது. அவர் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டு, வழக்கம்போல் “வாறன் டீச்சர்” என்று சொல்லிப் போனார்.

மறுநாள் வரவில்லை. தலையிடி என்று செய்தி அனுப்பினார். அதற்கு அடுத்த நாளும் தலையிடி.

நான் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு அதே முக்காலியில் உட்கார்ந்தேன். என் ‘மரியே வாழ்க’ சீக்கிரம் முடிந்துவிட்டது. இழுத்துச் சொன்னால் நடிப்பாக ஒலித்தது. அம்மா என் முகத்தையே பார்த்தார். ஐந்தாவது கரண்டியில் புரையேறியது. முதுகைத் தட்டி, தலையைக் குனியவைத்து, அவர் மூச்சு திரும்பும்வரை நான் என்னென்னவோ சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் மாலை அம்மாவின் தோள்பட்டை எலும்பு என் கைக்குத் தட்டுப்பட்டது. மருத்துவர் மூக்குவழிக் குழாயைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அன்றிரவு விமானத்தை உடைத்துக் குப்பையில் போட்டேன். ஈயத் துண்டுகள் மட்டும் தரையில் உருண்டன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் இழுப்பறையில் வைத்தேன்.

அடுத்த நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். ஓர் அறை வீடு. தையல் இயந்திரத்தின் மேல் யாருடைய பள்ளிச் சீருடையோ பாதி தைத்தபடி இருந்தது. தேநீர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன்.

“உங்களில எனக்கு என்ன கோவம்?” என்றார். “டீச்சர் சாப்பிட்டவவோ?”

பொய் சொல்ல நினைத்து, முடியாமல், “இல்லக்கா” என்றேன். “அத ஒடைச்சுப் போட்டுட்டேன். வீட்டுல இல்ல. இனிமே வராது.”

“உடைச்சுப் போட்டீங்களோ?” அவர் முகம் வாடியது. “ஏன் தம்பி? நாலு மாசமா இருந்து செய்தனீங்கள்.”

அந்த வருத்தம் உண்மையானது. உடைத்ததன் மூலம் இன்னொரு பாரத்தையும் அவர்மேல் ஏற்றியிருந்தேன்.

“நான் வராம இல்லை,” என்றார். “முந்தாநாள் உங்கட படி வரைக்கும் வந்தனான். காது அடைச்சுப்போட்டுது. அந்த முக்காலியில இருந்து மேல பாத்தா, அது இல்லாட்டிலும் அந்த இடம் இருக்குமே.”

“முக்காலிய வேற அறைல போடறேன்க்கா. கொடியையும் அவுத்துடறேன்.”

அவர் தலையை அசைத்தார். மறுப்பா, ஆறுதலா என்று எனக்கு விளங்கவில்லை. மனு எழுதிப் பழகிய எனக்கு, எதிரே ஓர் அதிகாரி இருந்தால் எதைக் கோருவது என்று தெரியும். இங்கே கோருவதற்கு எதுவும் இல்லை. அவர் தர மறுத்த எதுவும் இல்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது கூப்பிட்டார்.

“எட்டரைக்கு போன் எடுங்கோ. ஸ்பீக்கரில போட்டு டீச்சருக்குப் பக்கத்தில வையுங்கோ. நான் செபம் சொல்லுறன், நீங்கள் கஞ்சியைத் தீத்துங்கோ. கரண்டியை மட்டும் அவசரப்படுத்தாதேங்கோ.”

மறுநாள் காலை கைப்பேசியைக் கிண்ணத்தின் பக்கத்தில் நிறுத்தி வைத்தேன். குரல் வந்ததும் அம்மா அதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வாசற்கதவைப் பார்த்தார். பிறகுதான் வாயைத் திறந்தார். அன்று பதினெட்டுக் கரண்டி.

இப்போது தினமும் எட்டரைக்கு நான் அழைக்கிறேன். அம்மா முப்பது கரண்டிவரை சாப்பிடுகிறார். குழாய் போடவில்லை. கூடத்தில் கொடி இல்லை. நான் மாதிரி விமானங்கள் கட்டுவதில்லை. அக்கா எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.