வாரத்தில் ஒன்பது நாள்

எண்பதுகளின் நடுவில், பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்கென்று இணுவிலில் ஒரு பங்குக் கிணற்றைப் பிடித்துக்கொண்டேன். ஆறு வீட்டுக்குப் பொதுக் கிணறு. தோட்டத்துக்கு யார் எந்த நாளில் இறைப்பது என்று முறை உண்டு. சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் குடும்பத் தலைவர்களைத் தனித்தனியே விசாரித்து எழுதினேன். ரகசியம் காப்பேன் என்று பெரிய மனுசி போல வாக்கும் கொடுத்தேன்.

ஆறாவது வீட்டில் தலைவர் இல்லை. கணவனை இழந்த அக்கா ஒருவர் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார்.

"என்னட்டை ஒண்டும் கேக்கேல்லையோ, பிள்ளை?"

"பக்கத்து வீட்டிலை உங்கடை மச்சான் எல்லாம் சொல்லிப்போட்டார், அக்கா."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எழுத என் படிவத்தில் இடம் இல்லை.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு ஒன்பது நாள். செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் மூன்று சொந்தக்காரர். "உமக்குக் கணக்கு எந்த வகுப்போடை நிண்டது?" என்று மேற்பார்வையாளர் தாள்களைத் திருப்பித் தந்தார். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

மறுபடி போனேன், ஒரே ஒரு வெற்றுத்தாளோடு, நேரே கிணற்றடிக்கு. ஆறு வீட்டாரையும் கூப்பிட்டு, "எனக்கு விளங்கேல்லை, ஏழு நாளுக்கும் கட்டம் கீறி நீங்களே முறையை எழுதித் தாங்கோ" என்று பேனையை நீட்டினேன். முன்பு யார் என்ன சொன்னார் என்று நான் மூச்சுவிடவில்லை. விட வேண்டியும் இருக்கவில்லை. பக்கத்துத் தோட்டக்காரன் பார்த்துக்கொண்டு நிற்கும்போது யார்தான் கதை அளப்பது? மற்ற ஆறு நாளும் மளமளவென்று நிரம்பின. செவ்வாய்க் கட்டம் வந்ததும் மூன்று பேர் புகையிலைக் கன்றுகளை முதன்முதலாகக் காண்பவர்கள் போலப் பார்த்தார்கள். மச்சானுக்குத் திடீரென்று இருமல்.

அக்கா கையைச் சீலையில் துடைத்துவிட்டுப் பேனையை வாங்கினார்.

"செவ்வாய் என்ரை மனுசன்ரை முறை. அவரோடை சேத்துச் செவ்வாயையும் எரிச்சுப்போட்டியளோ?"

இருமல் நின்றது. "ஓம் மச்சாள், எழுதுங்கோ" என்றார் மச்சான்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் தாளை மடித்துப் பைக்குள் வைக்கப் போக, அக்கா என் கையைப் பிடித்தார். "உது இஞ்சை கிடக்கட்டும். நீர் பாத்து எழுதிக்கொண்டு போம்." குந்தியிருந்து எழுதினேன்.

மூலப்பிரதி இல்லை என்று மேற்பார்வையாளர் புள்ளியைக் குறைத்தார். குறைக்கட்டும். அடுத்த செவ்வாய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இறைக்கிற மெசினை இழுத்து ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தவர் மச்சான். வெங்காயத் தரையில் நின்று, "தண்ணியைக் கெதியா விடும்!" என்று அதட்டிக்கொண்டிருந்தவர் அக்கா.