வாக்குவம் கிளீனரும் சுமியேவின் வீராங்கனையும்

மகன் வேலைக்காக நகோயா போனபோது, தன் பாமிகாமை டிவிக்கு அடியிலேயே விட்டுவிட்டான். சிவப்பும் வெள்ளையுமான அந்த வீடியோ விளையாட்டுப் பெட்டி பழசு. அவன் வயதுக்காரர்கள் புதிதாக வந்த சாம்பல் நிறப் பெட்டிக்கு மாறிவிட்டார்கள். கேசட்டுகளின் முதுகில் சிறுவயதில் அவன் மார்க்கரால் எழுதிய பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

ஒருநாள் அவன் அம்மா சுமியே ஒரு கேசட்டைச் செருகிப் பார்த்தார். அமாகசாகியில் பள்ளிச் சமையலறை வேலை அவருக்கு. கணவர் தெருயோஷி இரும்பாலையிலிருந்து வர நேரமாகும். விளையாட்டு, வீரனின் பெயர் என்ன என்று கேட்டது. தன் பெயரையே கொடுத்தார். குளிர்காலம் முழுக்க அந்தச் சுமியே வாளோடு மலை மலையாகச் சுற்றினாள். சமையலறைப் பெண்களுக்கு அது தினசரிக் கேலி.

"என்ன சுமியே, ராட்சசன் செத்தானா, இல்ல நேத்தும் நீதான் செத்தியா?"

வசந்தத்தில் ஆலையை மூடினார்கள். தெருயோஷி வீட்டு மூலையில் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாணமானதிலிருந்து தொடாத வாக்குவம் கிளீனரைத் தானாக எடுத்தார். சுமியேவுக்கு நம்ப முடியவில்லை. ராட்சசனின் கோட்டை வாசலில் விளையாட்டை நிறுத்திவிட்டு, மிசோ சூப்பைப் பார்க்கப் போனார்.

கிளீனர் குழாயின் முனை விளையாட்டுப் பெட்டியில் மோதியது. படம் உறைந்தது. சுமியே ஓடி வந்து, எப்போதும் போல ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மின்சாரத்தை அணைத்தார். அப்படிச் செய்தால்தான் கேசட்டில் சேமித்தது நிற்கும். மறுபடி போட்டார். ஆட்டத்தைச் சேமிக்கும் மூன்று இடங்களும் காலி.

"நான் எதையாவது கெடுத்துட்டேனா?"

சொன்னால் அவர் மூலைக்கே திரும்பிவிடுவார். சொல்லாமலிருக்கவும் மனம் வரவில்லை.

"ஆமாங்க. செத்துட்டா."

"யாரு?"

"நான்தான்."

தெருயோஷி கிளீனரை அணைத்துவிட்டு, குழாயோடு அப்படியே நின்றார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? அந்த ஓரம் இன்னும் பாக்கி," என்றார் சுமியே.

தெருயோஷி பெட்டியை விட்டு வெகுதூரம் விலகி, மீதி அறையைச் சுத்தம் செய்தார். அதற்குள் சுமியே புது ஆட்டம் தொடங்கி, பழையபடி தன் பெயரையே கொடுத்திருந்தார். கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப எங்க போகணும்?"

"கடைக்கு. முதல்ல ஒரு மூங்கில் கழி வாங்கணும்."

"வாள் இல்லையா?"

"கைல இருக்கற காசுக்கு இப்ப கழிதாங்க வரும்."

"சரி, வாங்கு," என்றார் தெருயோஷி.