பாறாங்கல் இறங்காத கட்டடம்

விமானத்திலிருந்து குதிக்கிறவர்கள் எந்நேரமும் வானத்தில் மிதந்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்களுடைய வாழ்நாளில் பெரும்பகுதி பிளாஸ்டிக் நாற்காலியில்தான் கழிகிறது. காற்று அடித்தால் உட்கார வேண்டும். மேகம் வந்தால் உட்கார வேண்டும். எரிபொருள் வண்டி வரவில்லையென்றால் அதற்கும் உட்கார வேண்டும். ஒரு நிமிஷம் விழுவதற்காக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்து, அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி ஒரு வாரம் முழுக்க வாய் கிழியப் பேசுகிற கூட்டம் அது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் பாறாங்கல். வீட்டில் வைத்த பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை. ஆள் கனம். எல்லோரும் கைகோர்த்து வட்டமாக விழும்போது இவர் மட்டும் வட்டத்தைக் கிழித்துக்கொண்டு கீழே போய்விடுவார். மற்றவர்கள் மேலேயிருந்து டாட்டா காட்டுவார்கள். இவருக்கு நேர் எதிர் பஞ்சு. பஞ்சு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எலும்பும் தோலுமான உடம்பு. விழு என்றால்கூட ஒழுங்காக விழ மாட்டார். இடுப்பில் ஈயக்கட்டி கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறுவார்.

பாறாங்கல்லுக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது ஒரு கடைத் திறப்பு விழாவில். குலுக்கலில் மிக்ஸி விழும் என்று பார்த்தார். ஓசியில் ஒரு தடவை வானத்திலிருந்து குதிக்கிற சீட்டு விழுந்தது. பயிற்சியாளரின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே கீழே வந்தார். எழுந்து நின்றதும் சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அதுவரை அவருக்காக யாரும் கை தட்டியதில்லை. அவ்வளவுதான், மனுஷன் விழுந்துவிட்டார்.

சனிக்கிழமைக் கதை இது. மற்ற நாட்களில் அவர் ஒரு துப்புரவுக் கம்பெனியில் சூப்பர்வைசர். உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கித் துடைக்கிற ஆட்கள் அவர் கையில். சூப்பர்வைசருக்கு என்ன வேலை? கீழே நின்று, மேலே பார்த்து, போனில் கத்துகிற வேலை. ஆட்களுக்குத் தலைவன் அவருடைய மனைவியின் தம்பி. அந்த வேலையைத் தான் வாங்கிக் கொடுத்ததை வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார். சோற்றில் உப்புக்குப் பதில் அதைத்தான் போட்டுப் பிசைவார்.

வானத்திலிருந்து குதிக்கிறவர்களின் கிளப்பில் வாரத்துக்கு ஒருவர் பொறுப்பாளர். குதிக்கலாமா கூடாதா என்பதை அன்று அவர்தான் சொல்ல வேண்டும். அந்தச் சனிக்கிழமை பாறாங்கல்லின் முறை. பளபளக்கும் ஆரஞ்சு நிற மேல்சட்டை, கழுத்தில் விசில், கையில் காற்றின் வேகம் காட்டும் மீட்டர். ஒரு சட்டையை மாட்டிவிட்டால் மனுஷனுக்கு முதுகு எப்படி நிமிர்ந்துவிடுகிறது!

காற்று பலமாக அடித்தது. கிளப் ஷெட்டின் தகரம் தடதடத்தது. வாசலில் எல்லோரும் டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கே," என்றார் பஞ்சு.

"உனக்குக் குறைஞ்ச காத்தே போதும்யா. நீ பக்கத்து ஊர்ல போய் இறங்குவ, நாங்க வண்டி எடுத்துட்டுத் தேடணும். உக்காரு."

பல் டாக்டர் ஒருவர் இருந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. "வாரம் பூரா அடுத்தவன் வாயையே பாத்துட்டு, ஒரு நாளாவது வானத்தைப் பாக்கலாம்னு வந்தா, இங்க இவரு வாயைப் பாக்க வேண்டியிருக்கு."

"டாக்டர், பேசாம டீயைக் குடிங்க," என்றாள் விமானம் ஓட்டுகிற பெண். எல்லோருக்கும் அவள் பைலட் அக்கா. அவளைவிடப் பத்து வயசு மூத்தவர்களுக்கும் அக்காதான். "போன தடவை காத்துல குதிச்சு, கோழிப் பண்ணைக் கூரை மேல உக்காந்திருந்தது யாரு?"

"அது சும்மா கோழிங்களைப் பாத்துட்டு வரலாம்னு போனது."

"கோழிங்க பயத்துல ரெண்டு நாள் முட்டையே போடலையாம். பண்ணைக்காரர் இன்னும் என் நம்பருக்குப் போன் பண்ணிட்டிருக்காரு."

சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து பாறாங்கல் பிரசங்கத்தை ஆரம்பித்தார். "சிரிங்க, சிரிங்க. ஆனா நம்ம சட்டம் ஒண்ணுதான். ஒருத்தன் இன்னைக்கு நான் குதிக்கலன்னு சொன்னா, ஏன்னு கேக்கக் கூடாது. நேத்து சேந்த பொடியன் சொன்னாலும் சரி, கிண்டல் பண்ணக் கூடாது. உசுரு ஒண்ணுதான் இருக்கு."

அந்த நேரத்தில் போன் அடித்தது. மச்சினன்.

பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றுக்குத் திங்கட்கிழமை திறப்பு. பெரிய மனிதர்கள் வருகிறார்கள். மூன்று பக்கம் துடைத்தாயிற்று, சாலையைப் பார்த்த முன்பக்கம்தான் பாக்கி.

"மாமா, இங்க காத்து பேயா அடிக்குது. கயிறு நிக்க மாட்டேங்குது. நாங்க இறங்கல."

"காத்தா? எங்கடா காத்து?" என்று கத்தினார் பாறாங்கல். கத்தும்போதே ஆரஞ்சுச் சட்டையின் முனை படபடவென்று பறந்து வந்து அவர் வாயிலேயே அடித்தது. அதை விலக்கிக்கொண்டு மேலும் கத்தினார். "ஒரு இலை அசையல! பெரிய ராஜகுமாரனுங்க, தென்றல் வீசினாத்தான் இறங்குவாங்களோ? திங்கக்கிழமை கண்ணாடி பளிச்சுன்னு இல்லேன்னா என் வேலையும் போச்சு, உன் வேலையும் போச்சு. மூடிட்டு இறங்கு!"

பைலட் அக்கா இதற்குள் எழுந்து உள்ளே போயிருந்தாள். ஷெட்டின் ஒலிபெருக்கி கரகரத்தது.

"கவனிக்கவும். காற்று அதிகமாக இருப்பதால், மறு அறிவிப்பு வரும்வரை யாரும் குதிக்க வேண்டாம். உத்தரவு, இன்றைய பொறுப்பாளர்."

அறிவிப்பு அப்படியே போனுக்குள்ளும் போயிற்று. பிறகு மச்சினன் கேட்டான். "மாமா, அந்தப் பொறுப்பாளர் யாரு மாமா?"

பாறாங்கல் தொண்டையைச் செருமினார். "அது... அங்க வேற காத்துடா. இங்க வேற காத்து."

"இங்கேர்ந்து பாத்தா உங்க ஷெட்டுக் கூரை தெரியுது மாமா."

பின்னாலிருந்து கயிற்று ஆட்களின் சிரிப்பு போனைப் பிளந்துகொண்டு வந்தது. பாறாங்கல் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திரும்பினார். ஷெட்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பஞ்சு நிதானமாக எழுந்து ஈயக்கட்டியை இடுப்பில் கட்டினார். "ஒரு இலை அசையலையாம். வாங்க, போலாம்."

"பொறுப்பாளரே சொல்லிட்டாரு," என்றார் டாக்டர். "எழுந்திரிங்கப்பா."

பைலட் அக்கா வாசலில் வந்து நின்றாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "எஞ்சினைப் போடட்டுமா? சொல்லுங்க. எங்களுக்கு உசுரு ஒண்ணுன்னீங்க. கயித்துல தொங்கறவனுக்கு எத்தனை, டஜன் கணக்குலயா?"

பாறாங்கல் மீட்டரைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். மற்றவர்கள் சிரித்து ஓய்ந்து அடுத்த டீக்குப் போய்விட்டார்கள். அவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். டாக்டரின் ஆஸ்பத்திரிக் கண்ணாடியையும் எவனோ ஒருவன் தொங்கித்தான் துடைக்கிறான். அன்று காற்று எப்படி இருந்தது என்று டாக்டர் ஒரு நாளும் கேட்டதில்லை.

மறுபடி போன். இந்தத் தடவை மனைவி.

"தம்பி இப்பத்தான் பேசினான். நீங்க காத்துக்குப் பயந்து நாற்காலில உக்காந்திருப்பீங்க, அவன் காத்துல தொங்கணுமா?"

"அது இல்லம்மா, வேலை..."

"அவன் இறங்கினான்னு தெரிஞ்சுது, இன்னைக்கு வீட்டு வாசப்படி ஏறாதீங்க. அந்தப் பாராசூட்டை விரிச்சுப் போட்டு அங்கேயே படுத்துக்கோங்க."

வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பாறாங்கல், பழியைத் தூக்கி மேலே போட்டுவிடலாம் என்று முதலாளிக்குப் போன் செய்தார். கீழேயிருந்து மேலே போடுகிற எதையும் முதலாளிகள் பிடிக்க மாட்டார்கள்.

"ஆளுங்க இறங்க மாட்டேங்கறானுங்களா? நீதான் வானத்துலேர்ந்தே குதிக்கறவனாச்சே. ஆபீஸ்ல ஒருத்தன் விடாம வீடியோ காட்டற. நீ மொதல்ல இறங்கு, பின்னாடியே அவனுங்களும் இறங்குவானுங்க. முன்பக்கம் முடியலேன்னா, திங்கக்கிழமை ஸ்டோர் சாவியை மேஜை மேல வச்சிட்டுக் கிளம்பு."

ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிப் பைலட் அக்காவிடம் கொடுத்துவிட்டு பாறாங்கல் வண்டியை எடுத்தார். பஞ்சு கேட்காமலேயே பின்னால் ஏறிக்கொண்டார். உதவிக்கு என்று நினைக்காதீர்கள். வேடிக்கை பார்க்க.

மொட்டை மாடியில் கயிற்று ஆட்கள் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன் எழுந்தான்.

"வாங்க மாமா. முதலாளி எனக்கும் போன் பண்ணாரு. நீங்க உக்காந்து இறங்கறதுக்குப் பலகை கட்டி வச்சிருக்கேன்."

"நல்லா மூணு தடவை செக் பண்ணிக்கோங்கண்ணே," என்றார் பஞ்சு.

பாறாங்கல் பெல்ட்டை மாட்டினார். மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். அதிலே குறை சொல்ல முடியாது. பிறகு கைப்பிடிச் சுவரை நோக்கி நடந்தார். நாலு எட்டு வைத்ததும் கொஞ்சம் குனிந்தார். இன்னும் ரெண்டு எட்டு வைத்ததும் உட்கார்ந்தார். அப்புறம் தவழ்ந்தார்.

"அண்ணே, ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்றார் பஞ்சு.

விஷயம் இதுதான். இத்தனை வருஷச் சூப்பர்வைசர் வேலையில் பாறாங்கல் ஒரு நாளும் அந்தத் தொட்டியைத் தாண்டியதில்லை. விமானத்திலிருந்து பார்த்தால் பூமி ஒரு படம் மாதிரி இருக்கும். அது உயரம் என்றே மனசுக்குத் தோன்றாது. பன்னிரண்டாவது மாடியிலிருந்து பார்த்தால், கீழே போகிறவனின் வழுக்கைத் தலை தெரியும், வெயிலில் மின்னும் ஸ்கூட்டர் கண்ணாடி தெரியும், விழுந்தால் எந்தக் கல்லில் விழுவோம் என்பதுகூடத் தெரியும். வானத்திலிருந்து குதிக்கிறவர்களில் மொட்டை மாடிக்குப் பயந்தவர்கள் நிறைய உண்டு. ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. இவர் அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார். "கீழ நின்னாத்தான் எல்லாப் பக்கமும் கண்காணிக்க முடியும்."

தவழ்ந்து போனவரின் முட்டி கிடுகிடுவென்று ஆடுவதை மச்சினன் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது. பிறகு இத்தனை வருஷமும் போனில் கேட்ட கத்தல் முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக அவனுக்குப் புரிந்தது போலிருந்தது. அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பாறாங்கல்லுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"இருங்க மாமா," என்றான். "ஆளுக்கு முன்னாடி வாளி போகட்டும்."

தண்ணீர் நிறைந்த வாளியைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினான். ஒரு மாடி சும்மா போயிற்று. ரெண்டாவது மாடியில் காற்று வாளியைத் தூக்கியது. சாலைப் பக்கம் ஒரு வீச்சு, திரும்பி வந்து கண்ணாடியில் ஒரு அறை. கண்ணாடியில் கோணல்மாணலாக விரிசல் விழுந்தது. வாளித் தண்ணீர் கீழே கொட்டவில்லை. மேலே பறந்து வந்து பாறாங்கல்லின் மூஞ்சியில் அடித்தது.

"இழு! மேல இழுடா!" என்று அலறினார். அவருடைய ரெண்டு கையும் மச்சினனின் காலைக் கட்டிக்கொண்டிருந்தன.

"காலை விட்டாத்தானே மாமா இழுக்க முடியும்?"

வாளியை மேலே கொண்டுவந்தார்கள். அடியில் நசுங்கியிருந்தது. அந்த இடத்தில் பலகையும் பலகை மேல் ஒரு ஆளும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த நசுங்கலே காட்டியது. பஞ்சுதான் முதலில் பலகையை அவிழ்க்கப் போனார்.

பாறாங்கல் தொட்டியின் மறைவுக்குத் தவழ்ந்தே திரும்பி வந்து, ஈரச் சட்டையோடு போனை எடுத்தார்.

"ஐயா, யாரும் இறங்கல."

"நீ இறங்கினியா இல்லையா?"

"மொதல்ல இறங்காதது நான்தாங்க. காத்து நின்னா துடைப்போம். ஒரு கண்ணாடியும் போயிடுச்சு."

மறுமுனையில் வந்த வார்த்தைகளை அச்சில் போட முடியாது. பாறாங்கல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒன்றுக்கும் ஆமாம் சொல்லவில்லை. வீரத்தில் செய்தாரா, பயத்தில் செய்தாரா என்று கேட்காதீர்கள். பயத்தில்தான். முட்டி ஆடாமலிருந்தால் அன்று அவர் மச்சினனை இறக்கியிருப்பார்.

திங்கட்கிழமை காலை, வேலை போய்விடும் என்ற பயத்தோடு சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போனார். பெரிய மனிதர்கள் கார்களில் வந்து இறங்கினார்கள். ரிப்பனை வெட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், காற்றில் கலைந்த தலையைத் தடவிக்கொண்டு அவசரமாக உள்ளே போனார்கள். முன்பக்கம் முழுக்கத் தூசி. நடுவில் விரிசல் விட்ட ஒரு கண்ணாடி. ஒருவராவது அண்ணாந்து பார்க்க வேண்டுமே! இதற்காகத்தான் ஒரு ஆளைக் காற்றில் தொங்கவிடப் பார்த்தார்கள்.

முதலாளி சாவியைக் கேட்கவில்லை. கண்ணாடிக்கு மட்டும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அதில் மறதி வருமா? புதன்கிழமை காற்று நின்றது. மச்சினனும் ஆட்களும் இறங்கி, முன்பக்கத்தை மதியத்துக்குள் துடைத்து முடித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை கிளப்பில் பாறாங்கல் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். "முதலாளி இறக்குன்னாரு. என் ஆளு மேல கை வைக்க முடியாதுன்னுட்டேன்," என்று அவர் கையை ஓங்கியதும், "அண்ணே, முட்டி ஆறிடுச்சா?" என்று கேட்டார் பஞ்சு. கதை அந்த இடத்தோடு நின்றது. டாக்டர் எவ்வளவு கெஞ்சியும் மிச்சத்தைப் பஞ்சுவும் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பஞ்சு கனமான ஆள்.

பாறாங்கல் இன்னும் மொட்டை மாடிக்கு ஏறுவதில்லை. கீழே நின்றுதான் கத்துகிறார். சோப்பு வீணாகிறது என்று கத்துவார், மூலையில் கறை நிற்கிறது என்று கத்துவார். ஆனால் மேலேயிருந்து "காத்து மாமா, இன்னைக்கு இறங்கல," என்று போன் வந்தால், மச்சினன் அனுமதி கேட்கவில்லை, தகவல்தான் சொல்கிறான் என்பது இப்போது அவருக்குத் தெரிகிறது. பழக்கதோஷம், வாய் ஒரு தடவை திறக்கிறது. அப்புறம் மூடிக்கொள்கிறது.

"சரி," என்கிறார்.