பகா எண்களிலிருந்து முடிச்சுகளுக்கு

கரும்பலகையின் நடுவே மறுபடியும் ஒரு கோடு இழுக்கிறார் என் ஆய்வறைத் தோழி. இடப்பக்கம் ‘மாறலாம்’, வலப்பக்கம் ‘வேண்டாம்’. இரண்டின் கீழும் காரணங்களை எழுதி, எண்ணிப் பார்த்து, சமமாக வந்ததும் நிம்மதியாக அழித்துவிடுகிறார். வாரத்துக்கு இரண்டு முறையாவது இது நடக்கும். அடுத்த மேசைக்காரியான எனக்குச் சாக்பீஸ் தூள்தான் மிச்சம்.

இவர் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சேர்ந்தது பகா எண்களை ஆராய. மனம் போனதோ முடிச்சுகளிடம். சிக்கலாகத் தெரியும் இரண்டு முடிச்சுகள் உண்மையில் ஒன்றுதானா என்று பார்க்கும் கணிதம் அது. எங்கள் அறையில் இவருக்குப் பெயர் ‘பாக்கலாம்’. டீ குடிக்கக் கூப்பிட்டாலும் அதே பதில்தான்.

இவர் யோசனை கேட்காத ஆள் இல்லை. நூலகர், பல் மருத்துவர் (வாயைத் திறந்து வைத்துக்கொண்டே), பேருந்து ஓட்டும் அண்ணன். எதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்று அண்ணன் கேட்டாராம். இரண்டுக்குமே உறுதியில்லை என்றிருக்கிறார் தங்கை. “அப்புறம் என்ன யோசனை? புடிச்சதப் பண்ணு பாப்பா.” அதுவும் இடப்பக்கம் ஏறியது. உடனே வலப்பக்கத்துக்கும் ஒரு காரணம் தேடிப்பிடித்தார்.

கேட்காதது நெறியாளரை மட்டும். அவருக்கு முடிச்சு தெரியாது; மாறினால் இவர் வேறொருவரிடம் போக வேண்டும். முதல் கட்டுரையை வரிக்கு வரி கூடவே உட்கார்ந்து திருத்தியவரிடம் எந்த வாயால் சொல்வது?

அந்த வார வியாழனன்று துறைக் கருத்தரங்கில் இவர் பகா எண்களைப் பற்றிப் பேசினார். பத்தாவது நிமிடத்தில், எண்களைப் போல வேறு எதையாவது இப்படிப் பகுக்க முடியாத துண்டுகளாகப் பிரிக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். முடிச்சுகளைப் பிரிக்கலாமே என்று பலகையில் ஒன்றை வரைந்த இவர், அதன்பின் எண்கள் பக்கம் திரும்பவே இல்லை. பேச்சு முடிந்தபோதுதான் முன்வரிசையில் நெறியாளர் இருப்பது உறைத்தது.

எல்லோரும் போனபின் அவர் அருகே வந்தார். “நீ இவ்ளோ சந்தோஷமா பேசி நான் பாத்ததே இல்லம்மா. நீ போனா எனக்கு வருத்தம்தான். ஆனா, போறியா?”

என்னென்னவோ சொல்லத் தயாராக வைத்திருந்தாராம். வந்தது இரண்டே சொல்: “போறேன் சார்.” சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

திங்கட்கிழமை, புது நெறியாளரைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் புது நோட்டு ஒன்றை நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்தார். பகா எண்களால் பாதி நிறைந்திருந்த பழைய நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் ஒரு முடிச்சை வரையத் தொடங்கினார்.