ஒரு சாண் உயரத்தில் வைத்த குழாய்

பத்திரிகைக்கு எழுதும் அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது, எட்டாவதோடு சரி. தப்பிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி மாதம். மாதவரத்துக்கு அப்பால் குத்தகை நிலத்தில் நாங்கள் நாலு வீட்டுக்காரர்கள் கீரை போடுகிறோம். தாழ்வான நிலம். வடிகால் வாய்க்காலின் அடியைவிடப் பாத்திகள் அரைச் சாண் உயரம்தான். அதனால் ஆயுத பூஜை முடிந்த கையோடு எல்லோரும் இறங்கித் தூர்வாருவோம். தண்ணீர் வெளியேறும் கடைசியில் தொடங்கி மேல்நோக்கி வருவோம். அப்போதுதான் அடிமட்டம் சரிவாக வரும்.

அந்த வருடம் தூர்வாரிய மறுவாரமே, பக்கத்துக் கன்டெய்னர் யார்டுக்காரர்கள் லாரி போக வழி வேண்டுமென்று வாய்க்காலின் கடைசியில் சிமென்ட் குழாயைப் போட்டு மேலே மண்ணைக் கொட்டினார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று நான் மட்டும் விதை தெளித்துக்கொண்டிருந்தேன். குழாயின் அடி, வாய்க்கால் அடியைவிட ஒரு சாண் மேலே இருந்தது கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் தலையில் ஹெல்மெட், முக்காலியில் அளக்கிற கருவி என்று நாலு பேர் நின்றார்கள். அவர்களுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டேன். புது ஆளிடம் பேச எனக்கு எப்போதும் கூச்சம்.

பத்தே நாளில் மழை பிடித்தது. விட்ட பிறகும் தண்ணீர் இறங்கவில்லை. அடுத்த பாத்திக்கார அக்காவுக்கு அரைக்கீரை அறுப்புக்குத் தயாராக நின்றது. இரண்டு நாள் வேர் முழுகினால் அவ்வளவுதான். இருவரும் யார்டுக்குப் போனோம்.

வெளியே வந்த சூப்பர்வைசர், "மழ பேஞ்சா தண்ணி நிக்கத்தாம்மா செய்யும். வாய்க்கால க்ளீன் பண்ணாம வுட்டுட்டு எங்க மேல பழி போடாதீங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதுகு ஒடியத் தோண்டினவர்களைப் பார்த்தா இந்தப் பேச்சு? மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கினேன். குழாய் வாயருகே காம்பை அடிவரை ஊன்றி, குழாயின் அடி தொட்ட இடத்தில் விரலை வைத்துத் தூக்கிக் காட்டினேன்.

"இன்னா சார், கொயா அடி இங்க கீது, வாய்க்கா அடி இங்க கீது. நடுவுல கீற தண்ணி ஏணி வெச்சா ஏறும்?"

லாரி டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் முகம் சிறுத்துப்போனது.

"அன்னிக்கு குழாயப் போடசொல்ல ஒருத்தரும் வாயத் தொறக்கலியே?"

"நாங்க யாராச்சும் இருந்திருந்தா வுட்ருப்போமா?" என்று அக்கா சீறினார்.

தண்ணீரில் நின்றபடியே சொன்னேன்: "நான் இருந்தேன்க்கா."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "வாயில இன்னா, கொயுக்கட்டையா வெச்சினு இருந்த?"

சூப்பர்வைசர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அப்ப தப்பு உங்களுதுதான். சரி சரி, நாளைக்கு ஆள் அனுப்பறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. வாய்க்காலை அடைத்து வழி போடுகிறவர்கள், வருடா வருடம் அதில் இறங்கித் தோண்டுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போவார்கள்? ஆனால் அக்கா கேட்டதும் நியாயம்தான். இப்போதெல்லாம் அளவெடுக்க யார் வந்தாலும், கூப்பிடாமலே பக்கத்தில் போய் நின்று, தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சூப்பர்வைசர் அனுப்புவதாகச் சொன்ன ஆள் மறுநாள் வரவில்லை. அக்காவின் அரைக்கீரை அழுகிவிட்டது. இருவருமாகப் பிடுங்கி வரப்பில் போட்டோம்.