நர்கீஸ் அக்கா போடாத டிக்

நர்கீஸ் அக்காவைப் பற்றிப் புகழ்ந்து நாலு வார்த்தை எழுத ஆயிரம் பேர் இருப்பார்கள். எனக்கு அது வராது. அவரோடு ஒரே அறையில் ஆறு வருஷம் உட்கார்ந்து சண்டை போட்டவள் நான். சண்டை என்றால் நான் மட்டும் கத்துவேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா முனையில் துடைத்துக்கொண்டே இருப்பார். அதைப் பார்த்தாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பிரியாணிக் கடை மாடியில் எங்கள் அலுவலகம். பஞ்சாலை வேலைக்கு வடக்கே இருந்து வருகிறவர்களுக்கு உதவுகிற சின்ன அமைப்பு. தூசியில் மூச்சு முட்டினால் என்ன செய்வது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, இலவச மருத்துவ முகாம் எங்கே நடக்கிறது என்றெல்லாம் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் சொல்ல ஓர் இணையதளம் வைத்திருக்கிறோம். அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்வது ஜெஸ்ஸியாகிய நான். ஒடியாவை புவனேஸ்வரிலிருந்து ஒருவர் எழுதி அனுப்புவார். இந்தி முழுக்க நர்கீஸ் அக்கா.

அக்காவுக்கு பேகம்பூரில் வீடு. வீட்டில் பேசுவது உருது. இந்தி எழுத்தைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டார், இரண்டு பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பரீட்சையாக எழுதி. கணவர் முகமது ரஃபீக் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். ஒரு நாள் மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. “எந்த ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னு தெரியாம ரெண்டு எடம் அலைஞ்சோம் ஜெஸ்ஸி” என்று ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார்.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. அமைப்பை ஆரம்பித்த பிராங்க்ளின் டாக்டர் வைத்த பழக்கம். மொழிபெயர்த்தவர் தன் வரிக்குத் தானே டிக் போடக் கூடாது. வேறு ஒருவர் படித்துப் பார்த்துத்தான் போட வேண்டும். டிக் விழாத வரிக்குப் பக்கத்தில் தளத்தில் ஒரு மஞ்சள் பட்டை தெரியும். ‘இதை இன்னும் சரிபார்க்கவில்லை, போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்’ என்று அதில் எழுதி எண்ணும் கொடுத்திருக்கும். அந்த போன் நர்கீஸ் அக்காவின் மேசையில் இருந்தது. டாக்டருக்கு இந்தி தெரியும். வாரம் ஒரு நாள் உட்கார்ந்து படித்து டிக் போடுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்து கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு டிக் போட ஆள் இல்லை. அக்கா எழுதிக்கொண்டே இருந்தார், எல்லாம் மஞ்சளாகவே நின்றது. மில்லில் இருப்பவர்கள் மஞ்சளைப் பார்ப்பார்கள், போன் அடிப்பார்கள், அக்கா எடுத்துப் பேசுவார். சனிக்கிழமையானால் மறுநாள் முகாம் எங்கே என்று கேட்டே இருபது போன் வரும். முகாம் மாதம் ஒரு இடம் மாறும். அதை எழுதி மாற்றுவதைவிடச் சொல்லிவிடுவது சுலபம் என்று அவரும் விட்டுவிட்டார்.

போன மாசம் பழைய தளத்தை மாற்றும் வேலை வந்தது. புதுச் சோதனைத் தளம் ஒன்றைக் கட்டி, எல்லா மொழிகளையும் அதில் ஏற்றி, சரியாக இருந்தால் சனிக்கிழமை காலை திறப்பது என்று ஏற்பாடு. பழைய தளம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மூடிவிடும், பிறகு அதில் இருக்கும் எதையும் எடுக்க முடியாது. அமைப்பின் செயலாளர் முத்துச்சாமி சார் உதவி செய்கிறவர்களையெல்லாம் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டுவிட்டார். புதன்கிழமை நான் இந்தியை ஏற்றினேன். ஏற்றிவிட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் வெள்ளை.

காரணம் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. புதுத் தளத்தில் மஞ்சள் பட்டை என்கிற ஏற்பாடே கிடையாது. டிக் விழுந்த வரிதான் ஏறும், விழாதது அப்படியே பழைய தளத்தில் தங்கிவிடும். அறுநூற்று நாற்பது வரிகள். அக்காவின் மூன்று வருஷ உழைப்பு முழுதும் வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு காணாமல் போகும்.

“இதுல என்னக்கா இருக்கு? டிக் போடுற உரிமைய ஒங்க பேருக்கு மாத்தித் தாரேன். எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஒரு தட்டு. முடிஞ்சது சோலி” என்றேன்.

“படிக்காம எப்படிப் போடுறது?”

“நீங்க எழுதுனதுதானே!”

“எழுதுறப்ப சரியா இருந்துச்சு. இப்ப சரியான்னு பாக்கணும்ல?”

“அம்புட்டையுமா? ரெண்டு நாள்லயா? வெளங்கிரும்!”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டாக்டர் இல்ல, சரி. எழுதுனவளே போடுறேன், அதுவும் சரி. படிக்காமப் போட மாட்டேன் ஜெஸ்ஸி. என்னால ஆகாது.”

வியாழன் காலையில் எட்டரைக்கே வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியாக வாய்க்குள் படிப்பார், சிலவற்றுக்கு யாருக்காவது போன் போட்டுக் கேட்பார், திருத்துவார், பிறகு டிக். ஒரு மாத்திரையின் பெயருக்காக மருந்துக் கடைக்காரரிடம் கால் மணி நேரம் பேசினார். எனக்கு மேசையைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. மத்தியானம் சோறு தின்னக்கூட எழுந்திருக்கவில்லை. நான் கீழே போய் வாங்கி வந்த பொட்டலம் ஆறிக் கிடந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன், அவர் திருத்திய வரிகளில் முப்பது நாற்பது நிஜமாகவே பழசாகிப் போனவை. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாலே காலுக்கு நானூற்றுப் பன்னிரண்டு முடிந்திருந்தது. முத்துச்சாமி சார் மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். “என்னம்மா, இந்திப் பக்கம் பாதி காலியாத்தான் தெறக்கப் போறமா? அப்பறம் எதுக்கு இந்திக்கு ஒரு ஆளு? மெஷினே மொழிபெயர்த்துக் குடுக்குதாமே” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அக்காவின் காதில் விழும்படிதான் சொன்னார். அக்கா அடுத்த வரிக்குப் போனார். அவருக்கு வேலை போய்விடும் என்ற பயம் அவரைவிட எனக்குத்தான் அதிகமாக இருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, இருந்தது, அதனால் சொல்கிறேன்.

அஸர் தொழுகைக்கு நேரமானதும் எழுந்தார். பக்கத்தில் சாமான்கள் போட்டு வைக்கும் அறையில்தான் தொழுவார். “செத்த நேரம், வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். கம்ப்யூட்டரைத் திறந்தபடியே விட்டுத்தான் எப்போதும் போவார். ஜெஸ்ஸி இருக்காளே என்ற நம்பிக்கை.

நான் எழுந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மீதி இருநூற்று இருபத்தெட்டையும் செலக்ட் செய்தேன். ஒரு தட்டு. எல்லாம் பச்சையாக மாறிவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் நேராகச் சரிபார்த்தவர் நர்கீஸ் என்று விழுந்தது. என் இடத்துக்குத் திரும்பி வந்து புதுத் தளத்தில் ஏற்றினேன். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் வந்ததும், “ஒரு வழி பண்ணி மீதிய மஞ்சளோடவே ஏத்திட்டேன்க்கா. திங்கக்கெழமையிலருந்து ஆற அமரப் பாருங்க” என்றேன். நாக்கு கூசவில்லை. அவர் முகம் தெளிந்தது. “நல்லா இருப்ப புள்ள” என்று என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் தோளில் இருக்கிறது.

சனிக்கிழமை விழா. பொன்னாடை, பேச்சு, போட்டோ. அக்கா வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு தன் மேசைக்கு வந்து போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்.

“லைன் இருக்கு. ஏன் ஒருத்தரும் கூப்புடல? நாளைக்கு முகாம்ல?”

“புதுத் தளம் அம்புட்டுத் தெளிவா இருக்குக்கா. படிச்சாலே புரிஞ்சிருது” என்றேன். பெருமையாகவே சொன்னேன். மஞ்சள் பட்டை இல்லாவிட்டால் போன் வராது என்பது, ஆறு வருஷம் அந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்ட எனக்கு அந்த நிமிஷம் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கசங்கிய சேலை, வீங்கிய கண். கையில் போன். பெயர் பூல்மதி, ஜார்க்கண்டிலிருந்து வந்து வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் புருஷனும் அவளும் வேலை பார்க்கிறார்கள் என்று அக்கா கேட்டுக் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னார். புருஷனுக்கு ஒரு வாரமாக மூச்சு இழுத்திருக்கிறது. எங்கள் தளத்தில் ஞாயிறு முகாம் சாணார்பட்டியில் என்று போட்டிருக்கிறது. பஸ் ஏறி திண்டுக்கல்லில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து சாணார்பட்டி போயிருக்கிறார்கள். முகாம் நடந்தது இங்கே, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். அவர்கள் இறங்கி மாறிய இடத்துக்குப் பக்கத்திலேயே.

சாணார்பட்டியில் பூட்டின கட்டடத்துக்கு முன்னால் மத்தியானம் வரை வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அவன் மயங்கி விழுந்துவிட்டான். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். மூச்சு இருக்கிறது, பேச்சு இல்லை.

அவள் போனை நீட்டினாள். முகாம் வரி. பட்டை கிட்டை ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. கீழே சின்ன எழுத்தில் சரிபார்த்தவர் பெயர். அவள் அதன்மேல் விரலை வைத்து அழுத்தி, “நர்கீஸ் கோன் ஹை?” என்றாள். யார் நர்கீஸ் என்று கேட்கிறாள், அது எனக்கே புரிந்தது.

அக்கா அந்த வரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். நான் வாயைத் திறக்கவில்லை. கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், திறக்க நினைத்தேன், வரவில்லை.

“மைன் ஹூன்” என்றார் அக்கா. நான்தான்.

அந்தப் பெண் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னார். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. பிறகு இரண்டு பேரும் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போகும்போது அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

நான் உட்கார்ந்து இருநூற்று இருபத்தெட்டு டிக்கையும் எடுத்தேன். புதுத் தளத்திலும் மஞ்சள் பட்டை வரும்படி எழுதினேன். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. புதன்கிழமையே இதைச் செய்திருக்கலாம். ஒரு நாள் வேலை. தட்டிவிட்டால் முடிந்தது என்று நினைத்தவளுக்கு அது எங்கே தோன்றும்?

ஆறு நாள் அக்கா அலுவலகத்துக்கு வரவில்லை, ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். டாக்டர் சொல்வதை இந்தியில் அவளுக்குச் சொல்ல, அவள் கேட்பதைத் தமிழில் டாக்டரிடம் கேட்க. அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் இனி மில் தூசிப் பக்கம் போகக் கூடாதாம். இரண்டு பேரையும் அக்கா ரயில் ஏற்றி ஊருக்கு அனுப்பி வைத்தார்.

மறுநாள் வந்து கம்ப்யூட்டரைப் போட்டார். நானூற்றுப் பதின்மூன்றாவது வரி. வாய்க்குள் படிக்க ஆரம்பித்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“அக்கா, அந்த டிக்கெல்லாம் நான்தான் போட்டேன்.”

“தெரியும்.”

“அந்தப் பொண்ணுட்ட என்னையக் காட்டியிருக்கலாம்ல? ஏன் ஒங்களச் சொன்னீங்க?”

“காட்டிருந்தா ஒன்ட்ட கேட்ருக்கும், எம் புருஷன் பொழைப்பானான்னு. இந்தியில நீ என்ன பதில் சொல்லிருப்ப?”

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். அப்புறம் ஏதோ திருத்தினார், டிக் போட்டார், அடுத்த வரிக்குப் போனார். முத்துச்சாமி சார் இந்திக்கு மெஷின் என்ற பேச்சையே பிறகு எடுக்கவில்லை. போன் பழையபடி அடிக்கிறது. நாங்களும் பழையபடி பேசிக்கொள்கிறோம், மத்தியானச் சோற்றுக்கு வெஞ்சனத்தை மாற்றிக்கொள்கிறோம், நான் கத்துகிறேன், அவர் கண்ணாடியைத் துடைக்கிறார்.

தொழுகைக்கு எழுந்தால் மட்டும், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போகிறார்.