கார்க் கதவில் ஒட்டிய குரிசு

என் கணவர் காகிதத்தைக் கத்தரிக்கும்போதே சொன்னேன். "கேட்டியளா, அது கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு வாங்கின செவப்புத் தாளு. சாயம் போவும்." அவர் காதில் ஏறவில்லை. பிரசவ வலியில் கிடக்கிறவள் சொல்வதை எந்த ஆண்பிள்ளை கேட்டிருக்கிறான்!

அருமனைப் பக்கம் எங்கள் வீடு. அவர் ஓட்டிய வாடகைக் கார் முற்றத்தில் நின்றது. மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று எங்கள் பக்கமே கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. முந்தின நாள் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்திருந்தார்கள். போராட்டக்காரர்கள் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு, வருகிற வண்டியையெல்லாம் மறித்து உடைப்பதாகக் கேள்வி. ஆஸ்பத்திரியோ தூரத்தில், இரணியல் பக்கம். பேறு பார்க்க வந்த வயிற்றாட்டி என் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ள குறுக்க கிடக்கு. இஞ்ச வச்சு என்னால ஒண்ணும் செய்ய ஒக்காது" என்று கைவிரித்துவிட்டாள். என் மூத்த குழந்தை அதே அறையில்தான் செத்துப் பிறந்தது. இதுவும் போய்விடும், கூடவே நானும் போய்விடுவேன் என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரி வண்டிக்குப் போடுகிற சிவப்புக் குரிசை, அந்தச் சிலுவை அடையாளத்தைக் கண்டால் வழிவிடுவார்கள் என்பது அவர் நினைப்பு. பாலாடை நிறக் கதவை ஈரத்துணியால் துடைத்தார். கரித்துண்டால் அடையாளம் வைத்தார். மரச்சீனிக் கிழங்கு மாவில் காய்ச்சிய பசையைத் தடவி, முழ நீளக் குரிசை ஒட்டி, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினார். எழும்பிய கொப்புளங்களை ஊசியால் குத்தினார். மறுபக்கக் கதவுக்கும் அப்படியே. குரிசு கோணியிருக்கிறதா என்று தள்ளி நின்று வேறு பார்த்தார். எழுந்து நிற்க முடிந்திருந்தால் அவரை அடித்திருப்பேன்.

"அதுக்கு மேல மெழுகுதிரியாவது தேயுங்க" என்றேன்.

"மழையொண்ணும் வராது. ஏறுட்டி."

மார்த்தாண்டம் தாண்டுமுன் மழை பிடித்துக்கொண்டது. வழியில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. வயிற்றாட்டி மடியில் தலைவைத்துக் கிடந்த எனக்குத் தென்னை மண்டைகள் மட்டும் தெரிந்தன. கொஞ்சதூரம் போனதும் ரோட்டில் கிடந்த மரம் மறித்துக் கார் நின்றது. ஒரே கூச்சல். "பிரசவத்துக்குப் போறோம்" என்று என் கணவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கம்பு ஒன்று காரின் கூரையில் விழுந்தது. அப்புறம் சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. கூச்சலைவிட அந்த அமைதிக்குத்தான் அதிகம் பயந்தேன்.

"ரெத்தம்" என்றது ஒரு குரல்.

குரிசு கரைந்து இரண்டு கதவிலும் சிவப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"பிள்ளத்தாய்ச்சியையும் சுட்டுட்டானுவளா?"

என் கணவர் அழுதார். நடிப்பில்லை, பயம். வயிற்றாட்டிதான் சமயம் அறிந்தவள். போர்த்தியிருந்த துணியை இழுத்து என் முகத்தை மூடினாள். ஒருவர் சன்னல் வழியே கையை நீட்டி என் பாதத்தைத் தொட்டார்.

"சூடு ஆறல்லியே. எப்பம் போச்சு?"

"இப்பம்தான்" என்றாள் வயிற்றாட்டி.

அந்த நேரம் பார்த்து வலி வந்தது. துணியைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். மரத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. கார் நகர்ந்தது.

மகள் உயிரோடு பிறந்தாள். சாயங்காலம், போலீஸ் தடியடியில் அடிபட்டவர்களைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடத்தினார்கள். குழந்தையை ஏந்திக்கொண்டு வெளியே போன என் கணவர் முகம் வெளிறித் திரும்பிவந்தார். என் பாதத்தைத் தொட்ட ஆள் அங்கே பாயில் மண்டை பிளந்து கிடந்தாராம். "பிள்ளத்தாய்ச்சியக் கொன்னுட்டானுவ. அதக் கேக்கப் போனோம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"நான் உயிரோட இருக்கேன்னு சொல்லல்லியா?" என்று கேட்டேன்.

"பிள்ளயக் கையில வச்சுக்கிட்டு அந்த மனுசன்கிட்ட எப்பிடிட்டி சொல்ல?"

போய்ச் சொல்லுங்கள் என்று சண்டை பிடித்தேன், அழுதேன். காலையில் சொல்லுகிறேன் என்றார். காலையில் அந்தப் பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள்.